செத்த காலேஜில் அறிவியல் பாடம்: கேள்வி பதில்

செத்த காலேஜ் என்பது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழைய பட்டப்பெயர். அருங்காட்சியகங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அங்கே அறிவியல் சொல்லித்தருவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, செங்கல்பட்டு: 80 பிள்ளைகளோடு எழும்பூர் அருங்காட்சியகம் போகிறோம். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எந்த வழியாகப் போகலாம்?

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள் டீச்சர். 1851இல் தொடங்கிய இடம் அது. வரிசையாக நடந்து முடித்தால் பிள்ளைகள் மனதில் வாசலில் வாங்கிய ஐஸ்தான் நிற்கும். மூன்றே மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். குறிப்புப் பலகையை அதற்கு அப்புறம் படிக்கட்டும். படித்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, பெரியவர்களுக்கும் இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. பஸ் பிடித்து வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய பள்ளிகள் உண்டு.

பத்தாம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி: பரிணாமப் பாடத்துக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா சார்?

திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது தம்பி. எல்லாரும் அதன் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ துடுப்புக்குக் கீழே நில். தோளிலிருந்து ஓர் எலும்பு, அப்புறம் இரண்டு, அப்புறம் மணிக்கட்டுச் சில்லுகள், கடைசியில் விரல் எலும்புகள். இப்போது உன் வலது கையை இடது கையால் தோளிலிருந்து தடவிக்கொண்டே வா. அதே வரிசை! புத்தகத்தில் 'அமைப்பு ஒத்த உறுப்புகள்' என்று படித்தது இதுதான்.

இன்னொன்று. திமிங்கலத்துக்குப் பின்னங்கால் கிடையாது, ஆனால் இடுப்பெலும்பின் மிச்சம் உடம்புக்குள் உண்டு. முதுகெலும்போடு ஒட்டாத சின்ன எலும்பு என்பதால் கூட்டைப் பொருத்தும்போது பல இடங்களில் விட்டுப்போயிருக்கும். அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்.

வேதியியல் ஆசிரியர், கும்பகோணம்: சிலை என்றால் வரலாறும் கலையும்தானே? எங்களுக்கு அங்கே என்ன வேலை?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த செப்புச் சிலையில் மண்ணிலிருந்த உப்பு ஏறியிருக்கும். அந்த உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே பதுங்கிவிடும். சிலையை வெளியே எடுத்ததும் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டு வெளிர்பச்சைத் தூள் பூக்கும். கூடவே கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், அது அடுத்த செம்பை அரிக்கும், மறுபடி தூள். 'வெண்கல நோய்' என்று இதற்குப் பெயர். துடைத்தால் போகாது.

1930களில் சென்னை அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் இதற்கு மின்னாற்பகுப்பைக் கையாண்டார். இந்த முறையில் சிலையை எதிர்மின்வாயாக வைத்துக் காரக் கரைசலில் மெல்லிய மின்சாரம் விட்டால், குளோரைடு அயனி சிலையை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகரும். நீங்கள் கரும்பலகையில் எழுதும் அதே பாடம்தான்.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு துருப்பிடித்த ஆணி போதும். வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், 9 வோல்ட் பேட்டரி. ஆணி எதிர்முனையில், இன்னொரு இரும்புத் துண்டு நேர்முனையில். ஆணியிலிருந்து குமிழி கிளம்பும், அரை மணியில் துரு இளகும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போடாதீர்கள், குளோரின் வரும். நேர்முனைக்கு எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், அதில் குரோமியம் இருக்கிறது. குமிழி ஹைட்ரஜன் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பில்லாமல் செய்யுங்கள். இதைப் பார்த்த பிள்ளைகளை அப்புறம் அருங்காட்சியகத்தில் செப்புச் சிலைகள் உள்ள படிமக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். சிலையின் மடிப்புகளில் பச்சையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு தாய், தாம்பரம்: என் மகள் எதையும் தொட்டுப் பார்த்தால்தான் புரிந்துகொள்வாள். காவலர் விரட்டுகிறார்.

அவர் மேல் தப்பில்லை அம்மா. நம் வியர்வையிலும் அதே உப்புதான். ஆனால் ஒன்று செய்யலாம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கற்கால மனிதரின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது உங்கள் பக்கத்துப் பல்லாவரத்தில்தான். அவர் சேகரித்த கற்கருவிகள் எழும்பூரில் இருக்கின்றன. கண்ணாடி வழியாக ஒரு கைக்கோடரியைப் பார்த்து வரைந்துகொண்டு வந்து, வீட்டில் களிமண்ணில் அதே அளவில் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் எப்படிப் பொருந்துகிறது, எந்த விளிம்பு வெட்டும் என்று அவளே கண்டுபிடிப்பாள்.

அரசுப் பள்ளி ஆசிரியர், அரியலூர்: சென்னை எங்களுக்கு ரொம்பத் தூரம்.

சென்னைக்காரர்கள்தான் உங்கள் ஊருக்கு வர வேண்டும்! வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். சிமென்ட் ஆலைக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லே பழைய கடலின் அடித்தரைதான். ஒரு துண்டில் நீர்த்த அமிலத்தைச் சொட்டுங்கள், பொங்கும்.

சிறு அருங்காட்சியகப் பணியாளர்: தொடுதிரை வாங்கலாமா?

ரிப்பேர் செய்ய ஆள் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் இருபது உருப்பெருக்கிக் கண்ணாடி.

கல்லூரி மாணவி, சென்னை: 'செத்த காலேஜ்' என்ற பெயர் எப்படி வந்தது?

1855இல் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் அதன் வளாகத்திலேயே விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அப்புறம் அவை தனி இடத்துக்குப் போயின. மிருகக்காட்சிசாலை உயிர்க் காலேஜ், பாடம் செய்த விலங்குகள் உள்ள இது செத்த காலேஜ். 1985இல் உயிர்க் காலேஜ் வண்டலூருக்குப் போனதும் அந்தப் பெயர் மங்கிவிட்டது. 'செத்த காலேஜ்' என்றால் மட்டும் வயதான ஆட்டோக்காரர் சிலருக்கு இன்னமும் புரிகிறது.