எலக்ட்ரான்கள் யாரையும் தள்ளுவதில்லை

அன்புள்ள ஐயா,

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன், அறிவியல் படித்தவனல்ல. ஓராண்டாக வெண்குள்ளன், நியூட்ரான் நட்சத்திரம், குவார்க் நட்சத்திரம் என்று காணொளிகளாகப் பார்த்துத் தள்ளுகிறேன். எரிபொருள் தீர்ந்த வெண்குள்ளன், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால்தான் நசுங்காமல் நிற்கிறது என்பது புரிந்துவிட்டது. என் கேள்வி: குவார்க் நட்சத்திரம் நிஜமாகவே இருக்கிறதா? குவாண்டம் ஆற்றல் நிலைகளுக்கும் மனித மனத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா? என்னைப் போன்ற ஒருவன் இதற்கெல்லாம் ஆசைப்படுவது அதிகப்பிரசங்கித்தனமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில்: இல்லை. இனி இப்படிக் கேட்காதீர்கள். ஆசைப்பட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மனம் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். 'குவாண்டம்' என்ற சொல்லை ஒட்டி எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள். அந்தக் காணொளிகளை நிறுத்தினால் வாரத்துக்கு நாலு மணி நேரம் மிச்சம்.

என்னை எழுத வைத்தது உங்கள் கேள்விகள் அல்ல. புரிந்துவிட்டது என்று நடுவில் தாண்டிப் போனீர்களே, அந்த வாக்கியம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. கல்லூரித் தேர்வில் நானும் அதையேதான் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. திருத்தியவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஒரு கோடு கிழித்திருந்தால் இருபது வருடம் அந்தத் தப்பைச் சுமந்து திரிந்திருக்க மாட்டேன். பிறகு ஒருநாள் மகளுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஏம்ப்பா, அங்க புரோட்டானும் இருக்குல்ல? பிளஸ்ஸும் மைனஸும் சரியாப் போச்சுன்னா எது எதைத் தள்ளும்?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

அவள் கேட்டது சரி. வெண்குள்ளனில் மொத்த மின்னூட்டம் பூஜ்யம். மின்விசையின் பங்கு அங்கே சொற்பம், அதுவும் லேசாக உள்ளே இழுக்கும் பக்கம்.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் வரவு செலவாகவே சொல்கிறேன். 1925இல் இயற்பியலாளர் பௌலி சொன்ன விதிப்படி ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரான்தான் இருக்கலாம். ஆற்றல் நிலைகளைப் படிக்கட்டாக நினைத்தால், எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்) இரண்டு விதம் என்பதால் படிக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டால் மற்றவை மேலேதான் நிற்க வேண்டும், நட்சத்திரம் எவ்வளவு குளிர்ந்தாலும். நட்சத்திரம் சுருங்கினால் ஒவ்வொரு படியின் உயரமும் கூடும். அத்தனை எலக்ட்ரான்களையும் அந்த உயரத்துக்கு ஏற்ற ஆகும் ஆற்றல் செலவு. சுருங்கும்போது ஈர்ப்பிலிருந்து கிடைப்பது வரவு. ஆரம் பாதியானால் ஈர்ப்புக் கணக்கு இரு மடங்காகிறது, படிக் கணக்கு நான்கு மடங்காகிறது. ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் சுருங்குவது கட்டுப்படியாகாது, நின்றுவிடும். அவ்வளவுதான். யாரும் யாரையும் தள்ளவில்லை. கிட்டத்தட்டச் சூரியனின் எடையைப் பூமியின் அளவுக்குள் அடக்கி வைத்திருக்கும் சிரியஸ் பி இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். மேல்படி எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்புறம் ஆரம் பாதியானால் செலவும் இரு மடங்குதான். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறினால், சுருங்கிச் சுருங்கிச் சரிக்கட்ட வழி ஏது? எடை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கைத் தாண்டினால் ஈர்ப்பு ஜெயித்துவிடும். 1930இல் பத்தொன்பது வயதுச் சந்திரசேகர் கப்பலில் உட்கார்ந்து கணக்குப் போட்ட கதையை உங்கள் காணொளிகள் பத்து நிமிடம் சொல்லியிருக்கும். கப்பல் இருந்தது, சரி. கணக்கு இருந்ததா? வெறும் விலக்குவிசைதான் தாங்குகிறது என்றால் இப்படி ஓர் எல்லை ஏன் வர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பேரேட்டில் சின்னத் தொகை இடித்தாலும் விடமாட்டீர்களே, இதை மட்டும் எப்படி விட்டீர்கள்? ஒரு தாள் எடுங்கள். ஆரத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். கூட்டல் பெருக்கலுக்கு மேல் எதுவும் வேண்டாம்.

நியூட்ரான்களும் உடைந்து அவற்றுக்குள் இருக்கும் குவார்க் துகள்களாகிவிட்ட குவார்க் நட்சத்திரத்தைக் கேட்டீர்கள், இல்லையா? உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. 2002இல் ஒன்றைக் காட்டினார்கள். பிந்தைய அளவீடுகளில் அது நியூட்ரான் நட்சத்திரமாகவே மிஞ்சியது.

பெரும்பாலும் நியூட்ரான்களால் ஆன நியூட்ரான் நட்சத்திரம் என்றதும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் பௌலியின் விதியை மட்டும் நம்பிக் கணக்கிட்டபோது, அது தாங்கக்கூடிய உச்ச எடை சூரியனில் சுமார் 0.7 மடங்குதான் வந்தது. இன்று சூரியனைப் போல இரு மடங்கு எடையுள்ளவையே தெரியும். அந்த மிச்சத்தைத் தாங்குவது, மிக நெருங்கிய நியூட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் அணுக்கரு விசை. ஆக, எலக்ட்ரான் என்பதை அடித்துவிட்டு நியூட்ரான் என்று எழுதினால் உங்கள் வாக்கியம் அங்கே பாதி சரி. பாதி மதிப்பெண் போட்டிருக்கிறேன். முழுசாகப் போட மாட்டேன்.