குடிநீர் ஊற்றா, டிசைன் பள்ளியா? ரிஸ்டி கல்லூரி பிறந்த கதை

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் இருக்கும் ரோட் ஐலண்டு ஸ்கூல் ஆஃப் டிசைன், சுருக்கமாக ரிஸ்டி, பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பெண்கள் ஆரம்பித்த கல்லூரி என்கிறார்களே, உண்மையா அக்கா?

உண்மைதான். 1876இல் பிலடெல்பியாவில் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தது. அதற்காக ரோட் ஐலண்டு மாநிலப் பெண்கள் குழு ஒன்று நிதி திரட்டியது. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் 1,675 டாலர் மிச்சம். பூங்காவில் குடிநீர் ஊற்று அமைக்கலாம் என்று ஒரு யோசனை, டிசைன் பள்ளி தொடங்கலாம் என்று இன்னொரு யோசனை. பள்ளிக்காக நின்றவர் ஹெலன் மெட்காஃப். 1877 ஜனவரியில் வாக்கெடுத்தார்கள், பள்ளி ஜெயித்தது. நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்ததோ 1920இல்தான்!

அந்தப் பணம் எத்தனை நாளைக்குக் காணும்?

காணாதுதான். ஹெலனின் கணவர் ஜெஸ்ஸி கம்பளி ஆலை முதலாளி. பள்ளி முதலில் நகரின் கடைத்தெருப் பகுதியில் சில அறைகளில் நடந்தது. 1893இல் வாட்டர்மன் தெருவில் கட்டடம் எழுந்தது ஜெஸ்ஸியின் கொடையால். ஹெலன் 1895இல் இறக்கும்வரை நிர்வாகத்தைப் பார்த்தார். அடுத்து மகள் எலைசா ராடிக், 1931 வரை. அப்புறம் பேத்தி ஹெலன் டான்ஃபோர்த். குடும்ப ஆதிக்கம் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குடும்பம் கைவிட்டிருந்தால் இன்று ரிஸ்டி இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஓவியர்களை உருவாக்கத் தொடங்கினார்களா, தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்கவா?

நல்ல கேள்வி. தொடக்க விதிகளில் மூன்று நோக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். முதல் இடம் கைவினைஞர்களுக்கு: வரைதல், வண்ணம் தீட்டுதல், உருவம் வனைதல் எல்லாம் கற்றுத் தொழிலிலும் உற்பத்தியிலும் கலையைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, கலைஞர்களுக்கும் கலை ஆசிரியர்களுக்கும் முறையான பயிற்சி. மூன்றாவது, கண்காட்சிகள் வழியாகப் பொதுமக்களுக்குக் கலைக் கல்வி.

அன்றைய பிராவிடன்ஸை நினைத்துப் பார்த்தால் இந்த வரிசை புரியும். நகைப் பட்டறைகள், துணி ஆலைகள், கோர்ஹம் வெள்ளிச் சாமான் தொழிற்சாலை என்று ஊரே உற்பத்தியில் இருந்தது. பகலில் வேலை பார்ப்பவர்களுக்காக மாலை வகுப்புகளும் உண்டு. 'தூய கலை' பேசுகிறவர்களுக்கு இது கசக்கலாம். எனக்கு ரிஸ்டியின் பலமே இதுதான். மூன்றாவது நோக்கமும் ஏட்டோடு நிற்கவில்லை. கல்லூரி அருங்காட்சியகத்தில் 12ஆம் நூற்றாண்டு ஜப்பானியப் புத்தர் மரச்சிலை ஒன்று உட்கார்ந்த நிலையிலேயே ஒன்பது அடி உயரம் இருக்கிறது.

பெயரில் மாநிலம் இருக்கிறதே, அரசுக் கல்லூரியா? பக்கத்து பிரவுன் பல்கலைக்கழகத்தின் பகுதியா?

இரண்டும் இல்லை சார். தனியார், லாப நோக்கற்ற, தன் காலில் நிற்கும் கல்லூரி. பிரவுனோடு 2008 முதல் ஐந்தாண்டு இரட்டைப் பட்டப்படிப்பு நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

நேச்சர் லேப் என்கிறார்களே, அறிவியல் கூடமா?

பாதி அப்படித்தான். எட்னா லாரன்ஸ் என்ற ஆசிரியை 1937இல் தொடங்கியது. பாடம் செய்த பறவைகள், எலும்புக்கூடுகள், சிப்பிகள், பூச்சிகள் என்று அறை முழுக்க அடுக்கியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற இடமில்லை. ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்துத் திருப்பி, பல் எங்கே பொருந்துகிறது என்று தடவிப் பார்த்து வரையலாம்.

பயணிகளுக்கு வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் அங்கே பிறந்ததா?

இல்லை, சான்பிரான்சிஸ்கோவில். நிறுவனர் மூவரில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா இருவரும் ரிஸ்டியில் படித்தவர்கள்.

மகள் விண்ணப்பிக்கப் போகிறாள். சைக்கிள் வரையச் சொல்வார்களாமே மேடம்?

பல வருடங்கள் அது கட்டாயமாக இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். இந்த ஆண்டு என்ன கேட்கிறார்கள் என்று கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வீட்டில் ஒருமுறை சைக்கிளைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் செயினைக் கொண்டுபோய் முன் சக்கரத்தில் மாட்டிவிடுவார்கள்.