பாறைத் துண்டை மேலே எடுத்ததும் தகைவு விடுபட்டுவிடுமே, அப்புறம் எதை அளக்கிறார்கள்?

ஆழ்துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த பாறைத் துண்டை, அதாவது கோரை, வைத்து நிலத்தடித் தகைவை (பாறையை எல்லாப் பக்கமும் நெருக்கும் அழுத்தத்தை) எப்படி அளக்கிறார்கள், வெட்டியதுமே அது போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போய்விடும். அது போகும் விதத்தைத்தான் அளக்கிறோம். சில வருடங்கள் ஆய்வகத்தில் இதுதான் என் வேலை.

ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் சுமார் 26 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). அடர்த்தி தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். சிக்கல் பக்கவாட்டு நெருக்கத்தில்தான்; அது திசைக்குத் திசை மாறும். எந்தத் திசையில் அதிகம் நெருக்கப்பட்டிருந்ததோ, அந்தத் திசையில் கோர் அதிகம் விரியும். பெரும்பகுதி வெட்டிய உடனே முடிந்துவிடும். மிச்சம் மணிக்கணக்கில், சில பாறைகளில் நாள்கணக்கில், மெதுவாக நடக்கும். நுண்விரிசல்கள் மெல்லத் திறப்பதே அதற்குக் காரணம்.

அந்த மிச்சத்தைப் பிடிக்க அவசரம் வேண்டும். கோர் மேலே வந்த சில மணி நேரத்துக்குள் சேற்றைக் கழுவி, குறைந்தது ஆறு திசைகளில் நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, ஈரம் காயாமல் உறையிட்டு, வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் வைக்க வேண்டும். நீளும் அளவு பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு, மிஞ்சினால் சில நூறு. ஒரு டிகிரி சூடு ஏறினாலே பாறை பத்து லட்சத்தில் பத்துப் பங்கு போல நீண்டுவிடும். ஒருமுறை இரவில் தொட்டியின் ஹீட்டர் நின்றுபோய், காலையில் பார்த்தால் வளைகோடு முழுக்கத் தண்ணீரின் சூட்டைத்தான் வரைந்திருந்தது. அந்தக் கோரிலிருந்து இன்னொரு முறை எடுக்க வழியே இல்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

தைவானில் 1999 சிச்சி நிலநடுக்கத்தில் நழுவிய செலுங்பு பிளவைத் துளைத்தபோது கிடைத்த கோர்களிலும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள்.

உடனே நடந்து முடிந்த விரிவையும் விட்டுவிட வேண்டியதில்லை. வட்டமாக வெட்டிய கோர் அதனால் மிக லேசான நீள்வட்டமாகிவிடும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான பாறையில், இரு பக்கவாட்டுத் தகைவுகளுக்கும் 20 மெகாபாஸ்கல் வித்தியாசம் இருந்தால், விட்டத்தில் சுமார் 30 மைக்ரான் (0.03 மில்லிமீட்டர்) வேறுபாடு வரும். லேசரால் சுற்றி அளந்தால் தெரிந்துவிடும். கோரை எத்தனை வருடம் கழித்து எடுத்தாலும் அளக்கலாம் என்பதால் எனக்கு இந்த முறை மேல் தனிப் பிரியம்.

நெருக்கம் மிக அதிகமான இடத்தில் கோர் வில்லை வில்லையாக உடைந்தே வரும். சில வில்லைகள் குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும். அவற்றின் பள்ளம் ஓடும் திசையே அதிக நெருக்கத்தின் திசை.

ஆனால் குழாய்க்குள் கோர் சுழன்றுவிடும், வடக்கு எது என்று தெரியாது. துளைச் சுவரின் படத்தோடு பாறையின் கோடுகளைப் பொருத்தியோ, பாறையில் பதிந்த பழைய காந்தத் திசையைப் பார்த்தோ திருப்பி வைத்த பிறகுதான் நாம் அளந்த திசைக்கு அர்த்தம் வரும்.