நச்சியல் படித்தால் மகளுக்குப் புற்றுநோய் வந்துவிடுமா?

அம்மா, மகள் பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப் போகிறாள், அடுத்து விஷப் பொருட்கள் உடம்பை என்ன செய்யும் என்று ஆராயும் நச்சியலில் எம்.எஸ்சி. சேர்ந்து, எந்த ரசாயனத்தால் புற்றுநோய் வரும் என்று மதிப்பிடும் வேலைக்குப் போவேன் என்கிறாள் என எழுதியிருந்தீர்கள். “ஊரில் வேறு வேலையே இல்லையா, விஷத்தோடுதான் குப்பை கொட்ட வேண்டுமா?” என்றும் கேட்டிருந்தீர்கள்.

அவள் சொல்லும் வேலையில் விஷத்தைத் தொடுவது குறைவு. பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து அறிக்கை படிப்பதும் கணக்குப் போடுவதும்தான். ஆய்வகத்தில் இருக்கும் காலத்திலும் கையுறை, காற்றுறிஞ்சிப் பெட்டி எல்லாம் கட்டாயம்.

என்ன கணக்கு என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றை அது முதல் பிரிவில் வைக்கிறது. அதில் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற ரசாயனம் இருக்கிறது, புகையிலை இருக்கிறது, நாம் தாம்பூலத் தட்டில் வைக்கும் பாக்கும் இருக்கிறது. அதற்காக மூன்றும் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. சான்று எவ்வளவு உறுதி என்பதை மட்டும்தான் அந்தப் பிரிவு சொல்லும். எவ்வளவு, எத்தனை வருடம், எந்த வழியாக உடம்புக்குள் போனால் எத்தனை பேருக்கு நோய் வரலாம் என்பது தனிக் கணக்கு. அதைத்தான் உங்கள் மகள் போடப் போகிறாள்.

அந்தக் கணக்கு லேசானதல்ல. எலிகளுக்கு இரண்டு வருடம் தினமும் ரசாயனம் கொடுப்பார்கள். ஒவ்வொரு அளவுக்கும் 50 ஆண், 50 பெண். பிறகு உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள். அப்போதும் ஏமாறலாம். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பான சாக்கரினின் கதையைப் பாருங்கள். அதிக அளவில் தின்ற எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. அமெரிக்காவில் 1977-இல் அதற்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. பிறகு ஆராய்ந்தால், எலியின் சிறுநீரில் உருவாகும் துகள்கள் பையின் உள்சுவரை உறுத்தியதுதான் காரணம். மனிதரிடம் அப்படி நடப்பதில்லை. 2000-இல் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். எலிக்கு வந்தது நமக்கும் வருமா என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் மதிப்பு.

சரி, வேலை கிடைக்குமா? 2018-இல் ரத்த அழுத்த மாத்திரையான வால்சார்டனில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது தெரிந்து பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள். அதிலிருந்து மருந்து நிறுவனங்களுக்கு இத்தகைய மாசை மதிப்பிடும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். அந்த ரகத்தில் என்.டி.எம்.ஏ. என்பதற்கு ஒரு நாளைக்கு 96 நானோகிராம்தான் வரம்பு. கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். பூச்சிமருந்து நிறுவனங்களிலும், பிற நிறுவனங்களுக்காகச் சோதனை செய்து கொடுக்கும் ஒப்பந்த ஆய்வகங்களிலும் இடம் உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் படப்பையிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் ஹைதராபாத், பெங்களூரு, குஜராத் என்று வெளியூர் போகத் தயாராக இருப்பது நல்லது. முனைவர் பட்டம் வரை போக நினைத்தால், லக்னோவில் மத்திய அரசின் நச்சியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. டெல்லி ஜாமியா ஹம்தர்தில் நச்சியலுக்கென்றே எம்.எஸ்சி. உண்டு.

அவளிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். புள்ளியியல் பிடிக்குமா? எலியை அறுத்துப் பார்க்க மனசு வருமா? இரண்டாவதற்கு “இல்லை” என்றாலும் பரவாயில்லை, கணினி வழி மதிப்பீட்டுக்குத் திரும்பலாம். முதலாவதற்கு “இல்லை” என்றால் யோசிக்க வேண்டும்.

அப்புறம், லியோன் முகமை பாக்கைப் பற்றி வெளியிட்ட தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த விடுமுறையில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். 50 பக்கம் தாண்டி, தானாக உங்களிடம் வந்து அதைப் பற்றிப் பேசினாள் என்றால் விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள். பத்தாவது பக்கத்தில் தூங்கிவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள், வேறு பேசுவோம்.