சட்டையில் முதலில் துணியையும் தோளையும் பாருங்கள், நிறம் பிறகு

அலுவலகம், பயணம், வீட்டு விசேஷம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்படி ஒரு பெண் எத்தனை சட்டை, எப்படிப்பட்ட சட்டை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பெரிய தொகை செலவழிக்க இயலாதவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். வெள்ளை, கருநீலம், மெல்லிய கோடு, சிறு கட்டம் என நான்கு பருத்திச் சட்டைகள் போதும்.

நான் சட்டைக்கு மாறியது அழகுக்காக அன்று. மண்டபம் என்கிற ஊரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வருகிறேன். ஓர் ஆடி மாதக் காலையில், பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில், பின் குத்தியிருந்த துப்பட்டாவைக் காற்று பிடுங்கிப் பின்சக்கரத்தில் சுற்றிவிட்டது. கழுத்து இறுகி நான் வண்டியோடு சாய்ந்தபோது, பின்னால் வந்த மீன் வண்டிக்காரர் ஓடிவந்து கத்தியால் துணியை அறுத்துவிட்டார். அந்த வாரமே மூன்று சட்டைகள் வாங்கினேன். “ஆம்பளைச் சட்டை உனக்கு எதுக்குத்தா?” என்று என் அத்தை கேட்டது இன்னும் வலிக்கிறது. பெண்கள் சட்டைக்குப் பொத்தான் இடப்பக்கம் இருக்கும், மார்பளவுக்குப் பொருந்தும்படி துணியை மடித்துத் தைக்கும் ‘டார்ட்’ பிடித்திருக்கும். அது நமக்கென்றே தைக்கப்படுகிற உடை.

ஆனால் அந்த மூன்றையும் நிறத்தைப் பார்த்து வாங்கியதுதான் என் தவறு. சுத்தமான பருத்தி என்று கடைக்காரர் உறுதி சொன்னார். நண்பகலுக்குள் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டினேன். பருத்தியாயிருந்தால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாய் உதிர்ந்திருக்க வேண்டும், இதுவோ உருகிக் கடுகு போன்ற கறுப்பு மணியாய்க் கெட்டிப்பட்டது. உடுத்தியதை மாற்ற மாட்டோம் என்று கடையில் மறுத்துவிட்டார்கள். உடுத்தாமல் துணியின் குணம் எப்படித் தெரியும்? பாலியெஸ்டர் கசங்காது, நீடித்து உழைக்கும் என்று சிலர் வாதிடக்கூடும். குளிரூட்டிய அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஈரக் காற்று வீசும் எங்கள் கரையில் அது உடம்புக்கு ஒவ்வாது. லினனை ஏன் சொல்லவில்லை என்றால், விலையும் அதிகம், பேருந்தில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடும்.

அடுத்து அளவு. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கை நீளத்தையும் இடுப்பையும் எந்தத் தையற்காரரும் சரிசெய்துவிடுவார், தோளைப் பிரித்துத் தைப்பது பெருவேலை. மார்பளவுக்குச் சரியாக இருப்பதை வாங்கி, இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் மார்பருகே இரண்டு பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளந்தால், உட்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் வைக்கலாம். அது பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எனக்கு உலோகத்தில் வைத்தார்கள்; உப்புக்காற்றில் இரண்டு மாதத்தில் துருவேறி, வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் மிளகளவுப் பழுப்புக் கறை விழுந்தது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்ததில் மங்கியதே தவிர, முழுவதும் போகவில்லை.

உடுத்தும் விதத்தில், நான்கில் வெள்ளைதான் அதிகம் உழைக்கும். பரமக்குடிப் பருத்திப் புடவைக்கு அதையே ரவிக்கையாக அணிந்து, கையை முழங்கை வரை மடித்துவிட்டால், வளைகாப்புக்கும் போகலாம், அலுவலகக் கூட்டத்துக்கும் போகலாம். கருநீலம் பேன்ட்டோடும் நீளப் பாவாடையோடும் சேரும். கட்டச் சட்டையைக் கையில்லாத பனியனுக்கு மேல் பொத்தான் போடாமல் அணிந்தால், பயணத்தில் வெயிலுக்கு மேலங்கியாகும். கீழோரம் வளைந்து நீண்டவற்றை உள்ளே செருகுவது நல்லது. நேராக வெட்டியவை வெளியே விடுவதற்கு ஏற்றவை.

வாங்கியதும் அளவு குறைக்கக் கொடுத்துவிடாமல், ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு தையற்காரரிடம் கொடுங்கள், பருத்தி முதல் துவைப்பில் சற்றே சுருங்கும். உங்கள் வீட்டிலும் எங்களைப்போல் உப்புத் தண்ணீர்தான் என்றால், சோப்பு நுரைக்காது, துணியும் விறைக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி நல்ல தண்ணீரை ஒதுக்கிவிடுங்கள்.