சீன மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து தங்கள் ஊர் நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் விபிஎன் போடுகிறார்களாமே, ஏன்?

சீனாவுக்குள் இருப்பவர்கள் அரசின் இணையத் தடையைத் தாண்டி வெளியுலகத்தைப் பார்க்கத்தானே விபிஎன் (நாம் வேறு இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் செயலி), வெளியே வந்துவிட்டவர்களுக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. டொராண்டோவில் படித்தபோது என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த, சீனாவின் செங்டூ நகரத்துப் பெண்தான் அதைத் தீர்த்துவைத்தாள்.

காலை ஏழு மணிக்கே சமையலறையில் மடிக்கணினியைத் திறந்துவிடுவாள். குளிர்காலத்தில் அப்போது சீனாவில் இரவு எட்டு, அவள் அம்மா சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் நேரம். ஒரே தொடரைச் சேர்ந்து பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப் மாதிரியான சீனச் செயலி வீசாட்டில் கதையடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் கறுப்புத் திரையில் ஒரு வரிதான் வரும்: பதிப்புரிமை காரணமாக உங்கள் பகுதியில் இதைக் காட்ட முடியாது. இத்தனைக்கும் ஊரில் கட்டிய சந்தா இன்னும் முடியவில்லை.

இது அரசு எழுப்பிய சுவர் இல்லை, வியாபாரப் பூட்டு. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். சீனத் தளத்திடம் சீனாவுக்கான உரிமை மட்டும் இருந்தால், வெளிநாட்டு ஐபி முகவரியை (எங்கிருந்து இணைகிறோம் என்று காட்டும் எண்) பார்த்ததும் கதவைச் சாத்திவிடும். நம்மூர்ச் செயலிகளிலும் இதே கதைதான்.

சீனாவிலிருந்து தடையைத் தாண்டி வெளியே வருவதை 'ஃபான்ச்சியாங்' என்பார்கள், சுவரேறிக் குதிப்பது. எதிர்த்திசைக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'ஹுய்குவோ', அதாவது தாயகம் திரும்புதல். அந்தப் பெயரிலேயே விபிஎன் விற்கிறது. சீனாவில் இருக்கும் ஒரு சர்வர் வழியாக நம்மைச் சுற்றவிட்டு உள்ளூர்க்காரர் போலக் காட்டும். காசு கட்டி ஒன்று வாங்கினாள். பாதி நாள் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், இவள் பூண்டு உரித்துக்கொண்டே திட்டுவாள். அதைவிடப் பெரிய தொல்லை ஓடிபி. ஊர் சிம்மை விட்டுவிட்டதால் கணக்கில் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருந்தாள். மதியம் ஓய்வாக உட்கார்ந்து லாகின் செய்தால் அங்கே நடுராத்திரி, அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

முறையான வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஐச்சியி என்ற சீன வீடியோ தளத்துக்கு வெளிநாட்டுப் பதிப்பு உண்டு, டென்சென்ட் நிறுவனத்துக்கு வெளிநாட்டினருக்கென்றே வீடிவி (WeTV) உண்டு. யூட்யூபிலும் அந்த நிறுவனங்களே நிறைய தொடர்களை ஏற்றுகின்றன. வெறும் தொடர் மட்டும் போதுமென்றால் நான் இதையே சொல்வேன். ஆனால் ஊரில் வருவதெல்லாம் அங்கே வராது, வந்தாலும் சிலது தாமதமாக வரும். சீனத் தளங்களில் படத்தின் மேலேயே ரசிகர்களின் கமெண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும், 'டான்மு' என்பார்கள். அது இல்லாமல் பார்ப்பது ஆளில்லாத தியேட்டரில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்பாள். விசில் சத்தத்தோடு படம் பார்த்து வளர்ந்த நமக்கு அது புரியாதா என்ன! அப்புறம் இன்னொரு கூத்து, யூட்யூப் 2009 முதல் சீனாவில் தடை. இவள் அனுப்பும் லிங்க் அம்மாவுக்குத் திறக்காது, அம்மா அனுப்புவது இவளுக்குத் திறக்காது.

ஒரு தொடரின் கடைசி நாளன்று விபிஎன் சுத்தமாகப் படுத்துவிட்டது. அம்மா வீடியோ காலில் வந்தார், போனை ஃபிளாஸ்க்கில் சாய்த்து டிவி பக்கம் திருப்பி வைத்தார். பாதித் திரையில் டிவி, மீதியில் பழத்தட்டு. நாயகன் பேச வேண்டிய இடத்திலெல்லாம் அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார்.