கூண்டு ஏறினால் எத்தனை பிட்?

அன்புள்ள சார்,

நான் தண்டையார்பேட்டையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பொறியியல் மாணவன். தகவல் கோட்பாடு இந்தப் பருவத்தில் பாடமாக வந்திருக்கிறது. ஒரு புத்தகம், அரிய செய்தியில்தான் தகவல் அதிகம் என்கிறது. இன்னொன்று, தகவல் என்றால் என்ட்ரோபி என்கிறது. பிட் என்பது 0 அல்லது 1 என்று படித்துவிட்டு, திடீரென்று ‘0.47 பிட்’ என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. எதை நம்புவது?

அன்புள்ள தம்பி,

இரண்டு புத்தகமும் சரிதான். இந்தத் துறையில் எந்தச் சொல்லைப் பார்த்தாலும், ‘இது எதனுடைய அளவு?’ என்று முதலில் கேளுங்கள். வந்து சேர்ந்த ஒரு செய்தியுடையதா, செய்தி கிளம்பும் மூலத்துடையதா, அதைச் சுமந்து போகும் தடத்துடையதா? இதைச் சொல்லாமல் நேரே சூத்திரத்துக்குத் தாவும் பாடப்புத்தகங்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

உங்கள் பக்கத்திலிருக்கும் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள். 1 என்றால் தூரக் கடலில் புயல் உருவாகக்கூடும். 10 என்றால் பேரபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டே இல்லாததும் ஒரு செய்திதான். ஆக மொத்தம் 12. இப்படி ஒரு பட்டியல் முன்பே முடிவாகியிருந்தால்தான் தகவலை அளக்கவே முடியும். தொடர்பு அறுந்ததையும் யோசித்துப் பட்டியலில் சேர்த்தார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்க, ‘கூண்டு உண்டு, இல்லை’ என்று இரண்டாகச் சுருக்குவோம். எந்த ஒரு நாளிலும் கூண்டு ஏற 16-இல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது நானாக வைத்த எண்). நிகழ்தகவின் தலைகீழுக்கு 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால் அந்தச் செய்தியின் தகவல் கிடைக்கும். கூண்டு ஏறினால் 4 பிட். ஏறாவிட்டால் சுமார் 0.09 பிட். உங்கள் முதல் புத்தகம் சொல்வது இதைத்தான்.

இந்த இரண்டையும் அவற்றின் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சுமார் 0.34 பிட் வருகிறது. அதுதான் என்ட்ரோபி: மூலத்தின் சராசரி. இன்று கூண்டு ஏறியதா இல்லையா என்பது அதை மாற்றாது. வாய்ப்புகள் மாறினால்தான் அது மாறும்.

பிட் குழப்பமும் இங்கேயே தீரும். தினமும் ‘உண்டு’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 0 என்று நோட்டில் எழுதினால், நாளுக்கு ஓர் இரும இலக்கம் செலவாகிறது. அது சுமப்பதோ சராசரியாக 0.34 பிட். இலக்கம் எழுதும் குறி, பிட் அளவின் அலகு. தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கிளாட் ஷானன் 1948 கட்டுரையில் பிட்டை அலகாகத்தான் அறிமுகப்படுத்துகிறார். பெயர் கணித அறிஞர் ஜான் டூக்கி தந்தது என்றும் அங்கேயே சொல்கிறார்.

இன்னொன்றையும் அவர் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறார்: பொருள். காசிமேட்டிலிருந்து போன படகு இன்னும் கரை திரும்பாத வீட்டில் அந்தக் கூண்டு உயிர்ப் பிரச்சினை. எனக்கு அது செய்தித்தாளில் ஒரு வரி. ஆனால் இருவரும் அதே வாய்ப்பைத்தான் எதிர்பார்த்திருந்தோம் என்றால் இருவருக்கும் 4 பிட்தான். இந்த அளவை முக்கியத்துவத்தின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், நான் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் தொடர்பில்லை என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். உண்மையில் நேற்று கூண்டு இருந்தால் இன்றும் இருக்க வாய்ப்பு அதிகம். நேற்றைய நிலை தெரிந்தவருக்கு இன்றைய சராசரி 0.34-ஐவிடக் குறையும். இப்படிக் குறைந்த சராசரிக்குப் பெயர் நிபந்தனை என்ட்ரோபி; அடுத்து அதைப் படியுங்கள். தடத்தின் கொள்ளளவு அதற்குப் பிறகு வரட்டும்.